வீட்டிலேயே குழந்தைக்கு ஸ்பானிஷ்: பாட்டு முதலில், காணொளி பிறகு

புதுச்சேரியில் இருந்துகொண்டு குழந்தைக்கு ஸ்பானிஷ் சொல்லித் தருகிறோம் என்றால், தெருப் பலகையில்கூடப் பிரெஞ்சு எழுதியிருக்கும் ஊரில் அதை விட்டுவிட்டு ஏன் ஸ்பானிஷ் என்று கேட்காதவர் இல்லை. எங்கள் வீட்டில் அதற்குக் காரணம் உறவு. என் அண்ணன் குடும்பம் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தில் வசிக்கிறது. அங்கேயே பிறந்து வளர்கிற அண்ணன் பிள்ளைகள் இருவருக்கும் தமிழ் புரியும். ஆனால் விளையாட்டும் சண்டையும் சிரிப்பும் அவர்களுக்கு ஸ்பானிஷில்தான் வருகின்றன. மாமா பிள்ளைகளோடு என் மகள் விளையாட வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய வேலை இது. உங்கள் வீட்டில் காரணம் வேறாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும், அந்த மொழியில் பேசுவதற்கு ஒரு முகம் குழந்தைக்கு இருக்க வேண்டும் என்பதை மட்டும் தொடங்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். வேறு யாரும் இல்லையென்றால் அந்த முகம் உங்களுடையதாக இருக்கட்டும்.

அவளுக்கு மூன்று வயது முடிந்தபோது தொடங்கினோம். இப்போது ஆறு நடக்கிறது. முதலில் நான் செய்தது, குழந்தைகளுக்கான ஸ்பானிஷ் என்று கைப்பேசியில் தேடி, வந்த காணொளிகளை வரிசையாக ஓடவிட்டதுதான். இரண்டு மாதத்தில் அவள் நிறங்களின் பெயர்களை ராகத்தோடு ஒப்பித்தாள். ஆனால் சிவப்புப் பந்தைக் கையில் கொடுத்து இது என்ன நிறம் என்று ஸ்பானிஷில் கேட்டால், என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அந்தக் காணொளிகளை நானே உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டவை. ஒரு ஸ்பானிஷ் சொல்லுக்கு முன்னும் பின்னும் ஆங்கில விளக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று வயதுத் தமிழ்க் குழந்தை, தனக்குத் தெரியாத ஒரு மொழியை இன்னொரு தெரியாத மொழியின் வழியாகக் கற்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன். தமிழிலிருந்து ஸ்பானிஷுக்கு நேர்வழி இருக்கிறது. ஒலியிலும் பேச்சமைப்பிலும் அது ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகும் வழியைவிடக் குறுகியது.

திரையால் ஆவதும் ஆகாததும்

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரிசியா கூல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பெற்றோர் அனைவரும் அறிந்திருப்பது நல்லது. ஆங்கிலச் சூழலில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளில் ஒரு பகுதியினரோடு மாண்டரின் சீனம் பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து, புத்தகம் படித்துக் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள். இன்னொரு பகுதியினர் அதே ஆட்களையும் அதே பொம்மைகளையும் திரையில் மட்டும் பார்த்தார்கள். மாண்டரினுக்கே உரிய ஓர் ஒலி வேறுபாட்டைப் பிறகு சோதித்தபோது, நேரில் கேட்ட குழந்தைகள் அதைப் பிரித்தறிந்தார்கள். திரையில் பார்த்தவர்களாலும் ஒலிப்பதிவை மட்டும் கேட்டவர்களாலும் அது முடியவில்லை. மூன்று வயதுக் குழந்தை அந்தக் கைக்குழந்தைகளைவிடத் திரையிலிருந்து அதிகம் எடுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனாலும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, திரையில் வருவதைக் கையிலும் வாயிலும் எடுத்துக் காட்டினால்தான் அது பேச்சாக மாறுகிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் தமிழ்க் கார்ட்டூனும் சோறு ஊட்டும்போது காட்டும் கைப்பேசியும் அடங்கும் என்பதால், ஸ்பானிஷுக்கு நான் ஒதுக்குவது நாளுக்குப் பதினைந்து நிமிடம் மட்டுமே. பாட்டுக்கு அப்படி ஒரு கட்டு இல்லை. குளிக்கும்போதும், தோசைக்குக் காத்திருக்கும்போதும், லாஸ்பேட்டையிலிருந்து பள்ளிக்கு ஸ்கூட்டரில் போகும்போதும் பாடலாம். அதனால்தான் பாட்டை முதலில் வைக்கிறேன்.

ஒரு பாட்டுக்கு இரண்டு வாரம்

நிறம், எண், பழம் என்று பெயர்களை மட்டும் அடுக்கும் பாட்டுகளைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் வினைச்சொல் இருக்காது. வினை இல்லாவிட்டால் குழந்தைக்குச் செய்வதற்கும் ஒன்றும் இருக்காது. ஒரு நிகழ்ச்சி நடக்கும் பாட்டாக, மெதுவாகப் பாடப்பட்டதாக, ஒரே வரி சிறு மாற்றத்தோடு திரும்பத் திரும்ப வருவதாகப் பார்த்து எடுங்கள். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் பரவலாகப் பாடப்படும் இரண்டு பாட்டுகள் இதற்கு மிகவும் பொருந்தும். ஒன்று, கோழிக்குஞ்சுகள் பசித்தாலும் குளிர்ந்தாலும் பியோ பியோ என்று கத்த, தாய்க்கோழி இரை தேடிக் கொடுத்துச் சிறகுக்குள் அணைத்துக்கொள்ளும் பாட்டு. இன்னொன்று, சிலந்தி வலையில் ஊஞ்சலாடும் யானை, வலை அறுந்துபோகாததைக் கண்டு அடுத்த யானையைக் கூப்பிடும் எண்ணுப்பாட்டு. மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்தது. என் மகள் அதைப் பார்த்ததைவிட அவளுடைய கடலூர் ஆயா சொல்லிக் கேட்டதே அதிகம். ஆனாலும் அந்தப் பாட்டில் முதலில் ஊஞ்சலாடும் யானைக்கு அவள் வைத்த பெயர் லட்சுமிதான். பாட்டு குழந்தைக்குச் சொந்தமாவது இப்படித்தான் என்பதால், அது எப்படி மாற்றிப் பாடினாலும் திருத்தாதீர்கள்.

முதல் மூன்று நாட்கள் படம் காட்டாமல் பாட்டை மட்டும் ஒலிக்க விடுங்கள். அதற்கு முன்பாகவே பாட்டின் கதையைத் தமிழில் சொல்லிவிட வேண்டும்; வரிக்கு வரி மொழிபெயர்க்காமல், இரவில் படுக்கும்போது சொல்லும் கதையைப் போலச் சொன்னால் போதும். கதை தெரிந்த குழந்தை, ஸ்பானிஷ் வரியைக் கேட்கும்போது இங்கே கோழி இரை தேடுகிறது என்று தானே ஊகித்துக்கொள்கிறது. அந்த மூன்று இரவுகளில் நீங்கள் பாட்டைப் படித்துக்கொள்ள வேண்டும். யூடியூபில் வேகத்தை 0.75-ஆகக் குறைத்து, ஒரு வரியைப் பத்து முறை கேட்டு, உங்கள் குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நம் எழுத்தில் பகரத்துக்கும் தகரத்துக்கும் வல்லொலி, மெல்லொலி என்ற வேறுபாடு காட்ட வழியில்லை என்பதால், மெலிந்து ஒலிக்கும் இடத்தின் அடியில் ஒரு கோடு போட்டுக்கொள்வது என் வழக்கம்.

நான்காம் நாள் முதல் கருவியை நிறுத்திவிட்டு நீங்களே பாடுங்கள். குரல் நன்றாக இல்லை என்று தயங்க வேண்டாம். தாலாட்டுப் பாடிய எந்தத் தாயும் குரலைப் பற்றி யோசித்ததில்லை. ஒவ்வொரு வினைக்கும் ஒரு கையசைவு இருக்கட்டும். இரண்டாம் வாரத்தில் ஒரு வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். முதல் நாள் ஒன்றும் வராது, இரண்டாம் நாளும் வராமல் போகலாம். சொல்லு, சொல்லு என்று மட்டும் கேட்காதீர்கள். சில நாட்களுக்குப் பிறகு அந்தச் சொல் தானாக வந்து விழும். அது வந்த பிறகு அதற்கு முந்தைய சொல்லிலும் நிறுத்தலாம்.

அடுத்த படி, பாட்டில் இருக்கும் சொல்லைப் பாட்டுக்கு வெளியே கொண்டுவருவது. இதைத்தான் பெரும்பாலான வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். கோழிக்குஞ்சுக்குப் பசிக்கிறது என்று பாட்டில் வந்த அதே சொற்றொடரை, பள்ளியிலிருந்து வந்து பையை வைக்கும் குழந்தையிடம் கேளுங்கள். 'தியேனெஸ் ஆம்ப்ரே?', அதாவது பசிக்கிறதா என்ற ஒரு கேள்வி, தினமும் ஒரே நேரத்தில், தட்டு கையில் இருக்கும்போது. எங்கள் வீட்டில் பாட்டைத் தாண்டி வெளியே வந்த முதல் வாக்கியம் இதுதான். கடலூரில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆயாவிடம் போய் அவள் இதைக் கேட்க, ஆயாவும் கற்றுக்கொண்டு அடுத்த முறை அவளிடம் திருப்பிக் கேட்டார்.

விருந்தினர் வரும்போது குழந்தையைக் கூப்பிட்டு ஸ்பானிஷில் பாடிக் காட்டச் சொல்வதை அறவே விட்டுவிடுங்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மொழி பேசுவதற்கு உரியது. அதைக் கூடத்தில் நிறுத்தி வைத்துக் காட்சிப்பொருளாக்கினால், கூச்சமுள்ள குழந்தை அந்த மொழியையே வெறுத்துவிடும்.

தமிழ் நாக்குக்கு எளிதானவையும் தடுமாற்றம் தருபவையும்

ஸ்பானிஷின் உயிரொலிகள் ஐந்தே. அவை நம் அ, எ, இ, ஒ, உ ஆகியவற்றுக்கு மிக நெருக்கமானவை, எந்தச் சொல்லில் வந்தாலும் மாறாதவை. அவர்களுடைய தகரம் நம் தகரம் போலவே நாக்கு பல்லைத் தொட்டு வருவது. ஆனால் ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதும்போது டகரம் போட்டுப் பழகிய பெரியவர்களுக்கு இங்கேதான் தவறு நேரும். தக்காளியை 'தொமாத்தே' என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே டகரத்துக்கு இடமே இல்லை. எழுத்தில் மேலே ஒரு வளைவோடு வரும் அவர்களுடைய தனி எழுத்துக்கு நம்மிடம் ஞகரம் இருக்கிறது. சிறுவன் என்ற சொல்லை 'நீன்யோ' என்று உடைக்காமல், அஞ்ஞானம் என்பதில் வரும் ஞகரத்தைக்கொண்டு 'நீஞ்ஞோ' என்று சொல்லிக் கொடுங்கள்.

இதைவிட வியப்பான ஒற்றுமை ஒன்று உண்டு. தமிழில் 'பத்து' என்பதில் தகரம் வலிந்தும், 'மாதம்' என்பதில் இரண்டு உயிருக்கு நடுவே மெலிந்தும் ஒலிக்கிறது; யாரும் சொல்லித் தராமலே நாம் அப்படி ஒலிக்கிறோம். ஸ்பானிஷிலும் ஒன்றுமில்லை என்று பொருள்படும் 'நாத' என்ற சொல்லில் நடுவே வரும் ஒலி, மாதத்தில் வரும் அதே மெல்லிய தகரம். நண்பன் என்ற 'அமீகோ'வில் வரும் ககரமும் மகன் என்பதில் போல மெலிந்தே வருகிறது. பள்ளியை 'எஸ்குவேலா' என்கிறார்கள். ஸகரத்தோடு மெய் சேர்ந்து சொல் தொடங்கினால் முன்னால் ஓர் உயிரை வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். நம் ஆயாக்கள் 'இஸ்கூல்' என்று சொல்வதும் அதே இயல்புதான். ஆங்கிலப் பள்ளியில் திருத்தப்படும் அந்தப் பழக்கம், இங்கே குழந்தைக்குக் கைகொடுக்கிறது.

தடுமாற்றங்களும் நம் பேச்சிலிருந்தே வருகின்றன. 'எலி'யை 'யெலி' என்றும் 'ஒன்று' என்பதை 'வொண்ணு' என்றும் நாம் தொடங்குவதால், யானை என்ற 'எலெஃபாந்தே' நம் குழந்தை வாயில் 'யெலெஃபாந்தே' ஆகிவிடும். கரடி என்ற 'ஓசோ', 'வோசோ' ஆகும். சொல்லின் இறுதியில் வரும் ஒகரத்தை நம் குற்றியலுகரம் போல விழுங்கி, நான்கு என்ற 'குவாத்ரோ'வைக் 'குவாத்ரு' என்றும் சொல்வார்கள். இவற்றைத் திருத்த வேண்டியதில்லை. நீங்கள் பாடும்போது உதட்டைக் குவித்து நன்றாகப் பாடினால், குழந்தை உதட்டைப் பார்த்தே மாற்றிக்கொள்ளும். இன்னொன்று, ஆங்கிலத்தில் வகரமாக ஒலிக்கும் எழுத்து ஸ்பானிஷில் வகரம் அன்று. பசுவை 'வாக்கா' என்று சொல்லாமல், கம்பம் என்பதில் வரும் பகர ஒலியோடு 'பாக்கா' என்று சொல்ல வேண்டும். தொடர்ந்து அதிரும் ரகரம் இருக்கிறதே, 'ஆனால்' என்ற 'பெரோ'வையும் 'நாய்' என்ற 'பெர்ரோ'வையும் பிரிப்பது, அது ஸ்பானிஷ் குழந்தைகளுக்கே கடைசியாகத்தான் வரும். ஆட்டோ ஓட்டி விளையாடும்போது அவர்கள் எழுப்பும் ஓசையே போதுமான பயிற்சி.

அழுத்தத்தில் மட்டும் கவனமாக இருங்கள். தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது, ஸ்பானிஷில் மாறும். 'பாப்பா' என்று முதலில் அழுத்தினால் மெக்சிகோவில் உருளைக்கிழங்கு, கடைசியில் அழுத்தினால் அப்பா. நம் வீட்டிலோ பாப்பா என்பது குழந்தை. 'மமா' என்று ஈற்றில் அழுத்தினால் அவர்களுக்கு அம்மா. இந்தச் சொல்லை முதன்முதலில் கேட்ட அன்று, "கோழிக்குஞ்சுக்கு மாமாவா இரை கொடுக்கிறாரு?" என்று என் மகள் கேட்டாள். இரு மொழியிலும் ஒரே ஓசை, வேறு ஆள் என்று விளக்கியதும், குவாதலஹாராவில் இருக்கும் மாமாவை அழைத்து இதைத்தான் முதலில் சொன்னாள். பாட்டில் தாளத்துக்காக அழுத்தம் இடம் மாறிவிடுவதுண்டு; ஆகவே பாட்டில் கற்ற சொல்லைப் பேச்சிலும் ஒருமுறை இயல்பாகச் சொல்லிக் காட்டிவிடுங்கள்.

காணொளியைப் பார்க்கும் முறை

மொழி கற்பிக்கும் காணொளிகளைவிட, அந்த நாட்டுக் குழந்தைகள் பொழுதுபோக்குக்குப் பார்ப்பவையே நல்லவை. ஸ்பெயினின் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிவிஇ நடத்தும் கிளான், மெக்சிகோவின் கனால் ஒன்சே நடத்தும் குழந்தைகள் சேனல், ஆர்ஜென்டினாவின் பாக்காபாக்கா ஆகியவை பொதுத்துறைச் சேனல்கள். இவற்றில் இந்தியாவிலிருந்து திறக்கக்கூடிய நிகழ்ச்சிகளை முதலில் தேடுங்கள். ஆனால் மூன்றையும் கலக்க வேண்டாம். தெரு என்ற சொல் மெக்சிகோவில் 'காயே' என்று ஒலிக்க, புவெனோஸ் ஐரெஸில் 'காஷே' என்று ஒலிக்கும். மெக்சிகோவில் ஸகரமாக வரும் ஒலி ஒன்று ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கு நுனி பல்லிடுக்கில் வரும் ஒலியாகிவிடும். உருளைக்கிழங்கு ஸ்பெயினில் 'பத்தாத்தா'. கடலூர்த் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் ஒரே வாரத்தில் காதில் விழுந்தால் புதிதாகத் தமிழ் கற்பவருக்கு என்ன ஆகுமோ அதுதான் இங்கும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நாட்டின் பேச்சையே பிடித்துக்கொள்ளுங்கள்.

நான்கு அல்லது ஐந்து நிமிடக் காணொளி ஒன்றை எடுத்துக்கொண்டு, முதல் முறை ஒலியை அணைத்துவிட்டு இருவரும் பாருங்கள். படத்தில் நடப்பதைக் குழந்தை தமிழில் சொல்லட்டும். இரண்டாம் முறை ஒலியோடு, இடையில் நிறுத்தாமல் பாருங்கள். மூன்றாம் முறை இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தி, பூனை எங்கே, யார் வருகிறார்கள் என்பது போன்ற சிறு கேள்விகளை ஸ்பானிஷில் கேளுங்கள். விரலால் காட்டினாலே அது விடைதான். பதினைந்து நிமிடம் அதோடு முடிந்தது. மறுநாளும் அதே காணொளிதான், வாரம் முழுவதும் அதுவேதான். பெரியவர்களுக்குத்தான் சலிக்கும், குழந்தைக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே இன்பம். தானாக அடுத்த காணொளி ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். கைப்பேசியைவிடத் தொலைக்காட்சித் திரை நல்லது, ஏனென்றால் அதில் இருவர் சேர்ந்து உட்கார முடியும். முடிந்தவுடன் செப்புச் சாமானையும் பொம்மைகளையும் எடுத்து, பார்த்த கதையைத் தரையில் நடித்துப் பாருங்கள். நான் சொன்னவற்றில் ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், காணொளியை விட்டுவிட்டு இந்த நடிப்பைச் செய்யுங்கள்.

வீடும் சந்தையும்

பாட்டிலும் காணொளியிலும் வந்தவை அன்றாடப் பேச்சில் கலப்பதற்குத் தமிழின் வாக்கிய அமைப்பு பெரிதும் உதவுகிறது. ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிக்கும் பெரியவர்களைத் திணறடிக்கும் 'மெ குஸ்தா' என்ற அமைப்பு, நமக்கு 'எனக்குப் பிடிக்கும்' என்பதன் அச்சு அசலான வடிவம். பிடிக்கிற பொருள் எழுவாயாக நிற்க, ஆள் 'எனக்கு' என்று வருகிறார். 'மெ துவேலே லா கபேசா' என்பதும் 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதும் அப்படியே. 'வருகிறேன்' என்றாலே நான் என்பது அதில் அடங்கிவிடுவது போல, அவர்களும் வினையின் ஈற்றிலேயே ஆளைக் காட்டிவிடுவார்கள். நீ, நீங்கள் என்ற வேறுபாடும் அங்கே உண்டு. ஆகவே இவற்றையெல்லாம் இலக்கணமாகச் சொல்லித் தராமல், தமிழில் சொல்லும் அதே தருணத்தில் ஸ்பானிஷிலும் சொன்னால் போதும்.

பெயர்ச்சொல்லின் பால்தான் நமக்குப் புதிது. மேசை பெண்பால், கதிரவன் ஆண்பால், நிலா பெண்பால் என்று அஃறிணைக்கும் பால் உண்டு என்பதால், எந்தப் பெயரையும் தனியாகச் சொல்லாமல் 'எல் சோல்', 'லா லூனா', 'லா மேசா' என்று முன்னொட்டுச் சொல்லோடு சேர்த்தே சொல்லிப் பழக்குங்கள். மேசை என்பதைக் கவனித்தீர்களா? அது போர்ச்சுகீசியரிடமிருந்து நமக்கு வந்த சொல். ஸ்பானிஷ் அதன் உடன்பிறந்த மொழி. அலமாரி அங்கே 'அர்மாரியோ', சாவி 'யாவே', பப்பாளி 'பபாயா'. பாதிரியாரும் 'பாத்ரே' என்பதிலிருந்து வந்தவரே. திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் பாதிரி மட்டும் வேறு, அது கோயில் மரத்தின் பெயர். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இந்தச் சொற்களிலிருந்து தொடங்கினால், புதிய மொழி அயலார் வீட்டு மொழியாகத் தோன்றாது.

வாரத்தில் ஒரு நாள் பெரிய மார்க்கெட்டுக்குக் குழந்தையை அழைத்துச் சென்று, நான்கே நான்கு பொருள்களை ஸ்பானிஷில் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். தக்காளி, மிளகாய், கொய்யா, பப்பாளி, அன்னாசி, நிலக்கடலை, மக்காச்சோளம் என்று நம் கூடையில் இருக்கும் பலவும் ஸ்பானிஷ் இன்று பேசப்படும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். பண்ருட்டி முந்திரியின் கதை இன்னும் சுவையானது. அதன் தாயகம் பிரேசில். ஆனால் மெக்சிகோவில் அதை 'நுவெஸ் தெ லா இந்தியா', இந்தியாவின் கொட்டை என்கிறார்கள். அண்ணனுக்குப் பொட்டலம் அனுப்பும்போது அதன்மேல் இந்தப் பெயரைத்தான் என் மகள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

பேச ஆள், பிறகு எழுத்து

மெக்சிகோ 2022-இல் கோடைகால நேர மாற்றத்தைக் கைவிட்டதால், குவாதலஹாராவுக்கும் நமக்கும் ஆண்டு முழுவதும் பதினொன்றரை மணி நேர வேறுபாடுதான். நமக்கு ஞாயிறு காலை 7 மணி என்றால் அவர்களுக்குச் சனி இரவு 7.30. இந்தக் காணொளி அழைப்பை நான் திரை நேரத்தில் சேர்ப்பதில்லை. எதிரில் பதில் பேசும் ஆள் இருக்கிறார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கச் சொன்னால் குழந்தைகள் ஊமையாகிவிடுவார்கள். அதற்குப் பதிலாக ஒரு விளையாட்டைக் கொடுங்கள். கண்ணில் படும் ஒரு பொருளின் நிறத்தை மட்டும் சொல்லி, அது என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டு அந்த நாட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்ததே. மாமா பிள்ளைகள் ஒரு சுற்று தமிழிலும், இவள் ஒரு சுற்று ஸ்பானிஷிலும் என்று வைத்துக்கொண்டோம். இதனால் அந்தப் பக்கம் தமிழும் வளர்வதாக அண்ணி சொல்கிறார்.

உறவு இல்லாதவர்கள், ஆரோவில்லில் பல நாட்டவர் வாழ்வதால், ஸ்பானிஷ் பேசும் குடும்பம் ஒன்றோடு பழக்கம் ஏற்படுத்திக்கொள்ள முயலலாம். பெற்றோர் முறையாகப் படிக்க விரும்பினால், ஸ்பெயின் அரசு 1991-இல் நிறுவிய இன்ஸ்திதூத்தோ செர்வாந்தெஸ் புது தில்லியில் மையம் வைத்திருக்கிறது. குழந்தையைவிட ஒரு பாட்டு முன்னால் இருந்தாலே தொடங்குவதற்குப் போதும்.

எழுத்தைத் தமிழ் வாசிப்பு நன்றாகப் பழகும் வரை தள்ளிப்போடுங்கள். ஸ்பானிஷில் 27 எழுத்துகள்; எழுதியபடியே ஒலிப்பதால், பேசத் தெரிந்த குழந்தைக்கு வாசிப்பு சில வாரங்களில் வந்துவிடும். சிக்கல் பள்ளியில் கற்கும் ஆங்கிலத்தோடுதான். ஆங்கிலத்தில் வாணலியைக் குறிக்கும் மூன்று எழுத்து ஸ்பானிஷில் 'பான்', ரொட்டி. ஆங்கிலத்தில் 'ஒன்ஸ்' என்று படிப்பது இங்கே 'ஒன்சே', பதினொன்று. ஆங்கிலத்தில் 'கம்' என்று வா என அழைப்பது இங்கே 'கோமே', சாப்பிடுகிறான். இந்தக் குழப்பத்துக்கு நாங்கள் கண்ட வழி, ஸ்பானிஷுக்கு வேறு நிற அட்டை போட்ட தனி நோட்டும், ஆண்பால் பெயர்களுக்கு நீலப் பென்சிலும் பெண்பால் பெயர்களுக்குச் சிவப்புப் பென்சிலும். நோட்டின் முதல் பக்கத்தில் புதுச் சொல் எதையும் எழுத வேண்டாம்; முதலில் கற்ற பாட்டை, குழந்தைக்கு ஏற்கெனவே மனப்பாடமாக இருப்பதை, பெரிய எழுத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள். பாடிக்கொண்டே ஒவ்வொரு சொல்லின் கீழும் குழந்தை விரலை நகர்த்தட்டும். விரலும் பாட்டும் ஒரே இடத்தில் வந்து சேரும் நாளில் அடுத்த பக்கத்தைத் திருப்பலாம்.